கடலை வீட்டுப் பிள்ளைக்குக் கரப்பான்: சோற்றை நிறுத்துவதா, தோலைக் கவனிப்பதா?

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போடும் குடும்பத்து மருமகள் அவர். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அவருடைய ஏழு மாதப் பெண் குழந்தைக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே கரப்பான். முதலில் கன்னத்தில் வந்தது, பிறகு கை கால்களுக்குப் பரவி, இப்போது வயிற்றிலும் இருக்கிறது. குழந்தை இரவெல்லாம் சொறிகிறது. காலையில் துணி விரிப்பில் ரத்தப் பொட்டுகள் தெரிகின்றன.

மாமியார் தினமும் வீட்டுக் கடலையை ஆட்டிய செக்கெண்ணெயைத் தேய்த்து, பயத்தம் மாவு போட்டுக் குளிப்பாட்டுகிறார். 'கரப்பான் பண்டம் ஆகாது' என்று பால் கொடுக்கும் தாய்க்குக் கத்தரிக்காய், கம்பு, கருவாடு, முட்டை, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சி ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் முட்டையையும் கடலையையும் மூன்று வயது வரை கண்ணிலேயே காட்டக் கூடாது என்பது வீட்டின் முடிவு. இதற்கிடையில் மருந்துக் கடையில் வாங்கிய ஒரு களிம்பு போட்டதும் பத்து நாளில் தோல் பளிச்சென்று ஆகியிருக்கிறது. நிறுத்திய பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் அவர் கேட்பது: "எங்கள் நிலத்தில் விளைகிற பொருளே என் பிள்ளைக்கு விஷம் என்கிறார்கள். அது உண்மையா?"

இந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலை, முட்டை, பால் மூன்றும் புழங்கும் வீடுகளில்தான் இந்தப் பத்திரிகை படிக்கப்படுகிறது.

வரிசை தலைகீழ்

சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் தோல் கெட்டது என்று அந்த வீடு நம்புகிறது. நம் ஊரில் மட்டுமல்ல, மேல்நாட்டு மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். கடந்த 20 ஆண்டு ஆராய்ச்சி பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வரிசையையே காட்டுகிறது. முதலில் கெடுவது தோல். கெட்ட தோல் வழியாக உணவின் துகள் உடம்புக்குள் புகுகிறது. உணவு ஒவ்வாமை வருவது அதன் பிறகு.

இதற்கு முதல் பெரிய தடயம் கிடைத்தது இங்கிலாந்தில், அதுவும் கடலை எண்ணெயிலிருந்துதான். பிரிஸ்டல் நகரைச் சுற்றிய ஏவன் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஏறத்தாழ 14,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களில் கடலை ஒவ்வாமை வந்த பிள்ளைகளைக் கிடியன் லாக் என்ற குழந்தைகள் மருத்துவரின் குழு ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டது. தாய் கர்ப்ப காலத்தில் கடலை சாப்பிட்டதற்கும் பிள்ளையின் ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கடலை எண்ணெய் கலந்த தோல் களிம்பு பூசியதற்கும் ஒவ்வாமைக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. கசிவும் பொருக்குமாகக் கரப்பான் இருந்த பிள்ளைகளிடம் ஒவ்வாமை அதிகம் காணப்பட்டது.

இரண்டாவது தடயம் ஜப்பானில் கிடைத்தது. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துக் கலந்த முகச் சோப்பு ஒன்று அங்கே விற்பனையில் இருந்தது. அதைத் தினமும் தேய்த்துக் கழுவியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாதாரணமாகச் சாப்பிட்டு வந்த பெரியவர்கள் அவர்கள். சோப்பு விற்பனை நிறுத்தப்பட்ட பிறகு பலருக்குப் படிப்படியாகக் குறைந்தது.

தோல் வழியாக வந்தால் ஏன் இப்படி? வாசல் வழியே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர் விருந்தாளி, கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறவன் திருடன் என்று வீட்டு நாய்க்குத் தெரியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அந்த நாயைப் போலத்தான். வாய் வழியாகக் குடலுக்கு வரும் உணவை 'நம்ம ஆள்' என்று பழகிக்கொள்கிறது. அதே உணவின் துகள், வீங்கிச் சிவந்த தோலின் வெடிப்பு வழியே முதன்முதலில் நுழைந்தால் எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. பிறகு அதே உணவு வாய் வழியே வந்தாலும் பாய்ந்து குரைக்கிறது. அந்தக் குரைப்புதான் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம்.

எல்லாக் குழந்தைகளின் தோலும் இப்படித் திறந்து கிடப்பதில்லை. தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 2006-ல் கண்டுபிடித்த விஷயம் இது. அப்படிப்பட்ட தோல், எலி வளை விழுந்த வரப்பு மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் வரப்பு நிற்கும். உள்ளே இருக்கும் ஈரம் கசிந்து போய்க்கொண்டே இருக்கும், வெளியே இருப்பது உள்ளே வந்துகொண்டே இருக்கும். பரம்பரை ஆஸ்துமா, தும்மல் உள்ள வீடுகளில் கரப்பான் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மருமகள் சாப்பிட்ட கத்தரிக்காயின் மேல் பழி போட வேண்டியதில்லை.

வளையைப் பெரிதாக்கும் பாக்டீரியா

இந்த வளைக்குள் குடியேறும் ஒரு கிருமி மாட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. கறவை மாட்டுக்கு மடிநோய் வரக் காரணமான பாக்டீரியாக்களில் முக்கியமானது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சீழ்க்கட்டிகளை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1880-ல் இதை நுண்ணோக்கியில் கண்டார். திராட்சைக் கொத்து போல் இருந்ததால் கிரேக்க மொழியில் அந்தப் பெயரையே வைத்தார். வளர்ப்புத் தட்டில் பொன் நிறமாகத் தெரிவதால் 'ஆரியஸ்' என்ற பின்பெயர் 1884-ல் சேர்ந்தது.

நல்ல ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நாலைந்து பேரில் ஒருவரின் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும், தொந்தரவு தராது. கரப்பான் உள்ளவர்களின் கதை வேறு. புண்ணான இடத்தில் துடைத்துச் சோதித்தால், 10 பேரில் சுமார் 7 பேரிடம் இது இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. தோல் வறண்டு, அதன் இயல்பான புளிப்புத் தன்மை குறைந்து, வெடித்துக் கிடப்பது இதற்கு உழுது போட்ட நிலம் மாதிரி.

குடியேறிய பிறகு இது சும்மா இருப்பதில்லை. தோல் செல்களை இணைத்திருக்கும் புரதங்களை அறுக்கும் நொதிகளைச் சுரக்கிறது. அதனால் வளை பெரிதாகிறது. இதன் நஞ்சுகளில் ஒன்று, ஒவ்வாமையின்போது தடிப்பை உண்டாக்கும் செல்களை நேரடியாகவே உசுப்பிவிடுகிறது. இது 2013-ல் தெரியவந்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2023-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். இந்தக் கிருமி சுரக்கும் ஒரு நொதி, தோலிலுள்ள நரம்பு முனையைத் தொட்டு நேரடியாக அரிப்பை உண்டாக்குகிறது. ராத்திரி முழுக்கச் சொறியும் பிள்ளையை 'வேண்டுமென்றே செய்கிறது' என்று அதட்டுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சொறியச் சொறியத் தோல் கிழிகிறது, கிழியக் கிழியக் கிருமி பெருகுகிறது, பெருகப் பெருக அரிப்பு கூடுகிறது.

உணவு ஒவ்வாமைக்கும் இந்தக் கிருமிக்கும் என்ன தொடர்பு? இதைத் தெரிந்துகொள்ள லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடந்த 'லீப்' ஆய்வைப் பார்க்க வேண்டும். முன்னே சொன்ன கிடியன் லாக் தலைமையில் நடந்த ஆய்வு அது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதுக்குள் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு ஐந்து வயது வரை வாரந்தோறும் கடலை கொடுக்கச் சொன்னார்கள். மறு பாதிக்குக் கடலையே கூடாது என்றார்கள். தொடக்கச் சோதனையில் கடலை ஒவ்வாமையின் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகளை எடுத்துக்கொண்டால், ஐந்து வயதில் வந்த முடிவு இது: தவிர்த்த பிள்ளைகளில் 13.7 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை, சாப்பிட்ட பிள்ளைகளில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டுமே. 2015-ல் இது வெளியானதும், கடலையைத் தள்ளிப்போடச் சொன்ன மருத்துவ அறிவுரைகள் பல நாடுகளில் மாறின.

அதே பிள்ளைகளின் தோலிலும் மூக்கிலும் துடைத்து எடுத்த மாதிரிகளை வைத்து 2019-ல் இன்னொரு கட்டுரை வந்தது. ஏறத்தாழ பாதிக் குழந்தைகளிடம் ஏதாவது ஒரு முறையாவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிடைத்திருந்தது. தோலில் கிருமி இருந்த பிள்ளைகளுக்கு முட்டை ஒவ்வாமை வயது ஏறியும் விடாமல் தொடர்வதும், கடலை ஒவ்வாமை வருவதும் கூடுதலாக இருந்தன. கரப்பான் கடுமையாக இருந்ததால்தான் அப்படி என்று தள்ளவும் முடியவில்லை. கரப்பானின் கடுமையைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு நின்றது. ஆறு வயதுவரை பார்த்ததில், கடலை சாப்பிட்ட அணியிலும் ஒன்பது பேருக்கு மட்டும் கடலை ஒவ்வாமை உறுதியானது. அந்த ஒன்பதில் எட்டுப் பிள்ளைகளிடம் ஏதோ ஒரு சமயத்தில் இந்தக் கிருமி இருந்தது. வாய் வழியே பழக்கிய பலனைத் தோல்வழிக் கிருமி கெடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்பது வேறு. பூச்சி மருந்து அடித்த மறுநாள் மழை பெய்தால், மருந்தால் மழை வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மேலே சொன்ன நொதி, நஞ்சு, அரிப்பு எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது, தோலைக் கிருமிக்கு விட்டுவைப்பது குழந்தையின் சாப்பாட்டுக்கும் நல்லதல்ல என்ற அளவுக்குத் தைரியமாகச் சொல்லலாம்.

கொன்றால் போதுமா?

'அப்படியானால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்துவிடலாமே' என்று தோன்றும். வேரழுகலுக்கு மண்ணெல்லாம் மருந்து ஊற்றிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். விதைக்கடலைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்வது எதற்காக? வேரின் மேல் நல்ல பூஞ்சணம் முதலிலேயே இடம் பிடித்துக்கொண்டால், கெட்ட பூஞ்சணத்துக்கு இடம் இருக்காது. தோலிலும் இதே கணக்குதான். ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பங்காளி பாக்டீரியாக்கள் நல்ல தோலில் குடியிருந்து, ஆரியஸைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. கரப்பான் தோலில் இந்தக் காவல்காரர்கள் குறைந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ரிச்சர்ட் கேலோ குழுவினர், நோயாளியின் தோலிலிருந்தே நல்ல பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்துக் களிம்பில் கலந்து பூசியபோது, 24 மணி நேரத்தில் ஆரியஸ் வெகுவாகக் குறைந்ததாக 2017-ல் வெளியிட்டார்கள். கடையில் கேட்டு வாங்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அடிக்கிறது. சில வாரங்களில் ஆரியஸ் திரும்ப வந்துவிடும், அடுத்த முறை அந்த மருந்து கேட்காமலும் போகும். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி, நீர் கசிந்து, காய்ச்சலும் இருந்தால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அவசியம். மற்ற நாளில் அது வேலைக்கு ஆகாது. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் குளிக்கும் தண்ணீரில் கலந்து பார்ப்பது அதைவிட மோசம். வெளிநாட்டில் அப்படி ஒரு சிகிச்சை உண்டுதான். ஆனால் அங்கே மிக நீர்த்த அளவை மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கிறார். வீட்டில் கைமதிப்பாகப் போட்டால் கைக்குழந்தையின் தோல் வெந்துவிடும்.

கிருமியைக் குறைக்கும் நம்பகமான வழி தோலை ஆறவைப்பது. அழற்சி அடங்கி வெடிப்பு மூடினால் கிருமியின் எண்ணிக்கை தானாகவே விழுகிறது. அதற்கு முதன்மை மருந்து மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு. வாசகி மருந்துக் கடையில் வாங்கியதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அந்த வகையில் கடும் வீரியமுள்ளது, ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சண மருந்தும் கலந்து அடைத்தது என்று பல உண்டு. முகத்துக்கு எது, மடிப்புக்கு எது, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் குழந்தையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சேர்த்தது. சீட்டில்லாமலும் அவை கைமாறுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'ஸ்டீராய்டு' என்று கேட்டதும் பயந்து, மருத்துவர் கொடுத்ததையும் நடுவில் நிறுத்துவது இன்னொரு தவறு.

இந்தச் சிகிச்சையால் உணவு ஒவ்வாமையும் குறையுமா என்று ஜப்பானில் 650 கைக்குழந்தைகளிடம் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். கரப்பானை ஆரம்பத்திலேயே முழுமையாக அடக்கிய குழந்தைகளில் 31.4 சதவீதத்தினருக்கு முட்டை ஒவ்வாமை. வழக்கமான சிகிச்சை பெற்ற குழந்தைகளில் அது 41.9 சதவீதம். ஆனால் அதிக ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளின் எடை சராசரியாக 400 கிராம் அளவுக்குக் குறைவாகவும் இருந்தது. மருத்துவர் கண்காணிப்பு வேண்டும் என்பது இதனால்தான்.

எண்ணெய், மாவு, தூசி

இனி மாமியாரின் கைவேலைக்கு வருவோம். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் பாட்டியைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. நல்ல தோலுள்ள குழந்தைக்கு அது சுகம். வெடித்த தோலில் எதைத் தேய்ப்பது என்பதுதான் கேள்வி.

செக்கெண்ணெய்ப் பிரியர்களுக்குக் கசக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆலையில் சுத்திகரித்த கடலை எண்ணெயில் கடலைப் புரதம் அநேகமாக நீங்கிவிடுகிறது. மரச்செக்கில் ஆட்டி, தெளியவைத்து எடுத்ததில் அது தங்கியிருக்கும். வாசனைக்கும் ருசிக்கும் சமையலில் அந்த எண்ணெயே உசத்தி. கரப்பான் பிள்ளையின் தோலுக்கு அது வேண்டாம். பயத்தம் மாவு, கடலை மாவு, பாலாடை, கோதுமைத் தவிடு எல்லாமே புரதமுள்ள உணவுப் பொருள்கள். ஜப்பானியச் சோப்பின் கதையை நினைத்துக்கொண்டால், இவற்றை ஏன் புண்பட்ட தோலில் தேய்க்கக் கூடாது என்பது புரியும். தோல் முழுதாக ஆறும்வரை இவற்றை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயை நம் வீடுகள் சும்மா நம்பவில்லை. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பெரியவர்களிடம் நடத்திய சிறிய ஆய்வில், சூடாக்காமல் எடுத்த தேங்காய் எண்ணெய் தேய்த்தவர்களில், தொடக்கத்தில் ஆரியஸ் இருந்த 20 பேரில் ஒருவரிடம் மட்டுமே கடைசியில் அது மிஞ்சியது. ஆலிவ் எண்ணெய் தேய்த்தவர்களில் 12 பேரில் 6 பேரிடம் மிஞ்சியது. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனமாக்குவதாகவும் வேறு ஆய்வு காட்டியிருக்கிறது. விலை உயர்ந்தது என்பதற்காகச் சென்னையிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைக் குழந்தைக்குத் திறக்க வேண்டியதில்லை. வாசனை சேர்க்காத வெள்ளை வாஸ்லினும் மலிவானது, நல்லது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் பூசிவிட வேண்டும். பூசுகிறவர் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுவது மிக முக்கியம். இங்கிலாந்தில் கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி மாய்ஸ்சுரைசர் பூசிய வீடுகளில் உணவு ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை 2021-ல் ஒரு குழு கவனித்தது. சமைத்த கையில் ஒட்டியிருக்கும் உணவுத் துகளும் களிம்போடு சேர்ந்து தோலுக்குப் போகலாம் என்பது அவர்கள் சந்தேகம். களிம்பு டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பதும் நல்லது. விரலோடு கிருமியும் டப்பாவில் குடியேறும்.

கடலை வீட்டுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. விதைப்புக்கு முன்னால் திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உடைப்பார்கள், மடியில் குழந்தை இருக்கும். அறுவடையில் கொடியிலிருந்து காய் ஆயும்போது சேலை முந்தானையெல்லாம் மண்ணும் கடலைத் தூசியும். அமெரிக்காவில் கைக்குழந்தைகளின் வீட்டுத் தூசியை அளந்து பார்த்ததில், தூசியில் கடலைப் புரதம் கூடக் கூடக் கடலை ஒவ்வாமைக்கான சாத்தியமும் கூடியது. கடும் கரப்பான் இருந்த பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். அதற்காகக் கடலை போடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. உடைக்கும் இடத்தைக் குழந்தை தூங்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கை முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்கினால் போதும். மருந்து கலந்த விதையைத் தொட்ட கைக்கு இது எப்படியும் கட்டாயம்.

அப்படியானால் கடலை கொடுக்கலாமா?

இங்கேதான் அந்த வீட்டின் முடிவு ஆபத்தானது. தோல் வழியே கடலையும், எண்ணெயும், தூசியுமாகத் தினமும் உள்ளே போகிறது. வாய்வழி மட்டும் மூன்று வருடத்துக்கு அடைக்கப்படுகிறது. ஒவ்வாமையை வரவழைக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

ஒரே வம்சாவளியைச் சேர்ந்த யூதக் குழந்தைகளை இங்கிலாந்திலும் இஸ்ரேலிலும் ஒப்பிட்டு 2008-ல் எழுதினார்கள். கடலையைக் கைக்குழந்தைக்குத் தராத இங்கிலாந்தில் 1.85 சதவீதப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை. கடலை மாவில் செய்த பொரியை ஒரு வயதுக்குள்ளேயே சப்பத் தரும் இஸ்ரேலில் 0.17 சதவீதம். முட்டைக்கும் இதே கதைதான். ஜப்பானில் கரப்பானுக்குச் சிகிச்சை தந்துகொண்டே, ஆறு மாதத்திலிருந்து நன்கு வேகவைத்த முட்டைப் பொடியைச் சிறு அளவில் தந்த குழந்தைகளில் ஒரு வயதில் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே முட்டை ஒவ்வாமை இருந்தது. கொடுக்காதவர்களில் 38 சதவீதம்.

ஆனால் கடிதத்தில் சொல்லியிருக்கும் கரப்பான் லேசானதல்ல. கை, கால், வயிறு எங்கும் பரவி, ரத்தம் வரச் சொறியும் ஏழு மாதக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒவ்வாமை வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் கடலையை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ அந்த ஊருக்கு எட்டும் தூரம்தான். தோல் பிரிவு, குழந்தைகள் பிரிவு இரண்டிலும் காட்டி, முட்டையும் கடலையும் எப்போது, எப்படித் தொடங்குவது என்று கேட்க வேண்டும். இதில் நாள் கடத்தக் கூடாது. கரப்பான் லேசாக உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதம் முடிந்து மற்ற உணவு பழகியதும் வீட்டிலேயே தொடங்கலாம்.

மருத்துவர் சரி என்றபின், வறுத்த கடலையை வழுவழுப்பாக அரைத்துக் கஞ்சியில் கரைத்து, முதல் நாள் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, காலை நேரத்தில், வீட்டில் ஆள் இருக்கும்போது கொடுப்பது முறை. ஒத்துக்கொண்டால் மெல்லக் கூட்டி, வாரத்துக்கு மூன்று தடவை தொடர வேண்டும். லீப் ஆய்வில் வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம் கொடுத்தார்கள். அது ஏறத்தாழ 24 கிராம் பருப்பு. முழுக் கடலையும் உடைத்த கடலையும் ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக் குழாயில் சிக்கும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பு ஒன்றுகூடக் குழந்தைக்கு அரைக்கும் கடலையில் சேரக் கூடாது. அதிலுள்ள அஃப்ளடாக்சின் வறுத்தாலும் போகாது. ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இல்லாமல் காயவைத்த காயிலிருந்து, அன்றன்றைக்கு உடைத்துப் பொறுக்கி எடுத்துக்கொள்வது நல்லது. முட்டையும் முழுக்க வெந்ததாக இருக்க வேண்டும், அரைவேக்காடு ஆகாது.

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் அந்த உணவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இருமல், இழுப்பு, குரல் மாற்றம், குழந்தை துவண்டுபோவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் 108-ஐ உடனே அழைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கரப்பான் கொஞ்சம் கூடியது போல் தெரிவது இந்தக் கணக்கில் வராது. கரப்பானுக்கு ஏறி இறங்குவது இயல்பு.

முப்பது நாற்பது உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை எடுத்து, 'பாசிட்டிவ்' என்று வந்ததையெல்லாம் நிறுத்தும் வழக்கம் இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. பரிசோதனையில் தெரிவதும், சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாததும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கரப்பானுக்காக உணவை நிறுத்திய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை புதிதாக வந்தது. அதுவரை ஒத்துக்கொண்டிருந்த உணவு அது. எனவே ஏற்கெனவே தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வரும் உணவை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. தாயின் பத்தியமும் தேவையில்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு முட்டையும் கடலையும் கருவாடும் இல்லாமல் போனால், இழப்பு அவர் உடம்புக்குத்தான்.

தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில் உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. கடலை நம் பிள்ளைகளுக்கு விஷம் அல்ல. அந்த ஒரு குழந்தைக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை மருத்துவமனையில் ஒரு காலை நேரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

கடிதத்தின் ஓரத்தில் பேனா மாற்றி எழுதிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வீட்டுப் பசுவுக்கு மடிநோய், கறப்பது அவர்தான், அதிலிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றுமா என்று கேட்கிறார். குழந்தையின் தோலுக்குக் கிருமி பெரும்பாலும் வருவது மனிதர்களின் மூக்கிலிருந்தும் கையிலிருந்தும்தான். இருந்தாலும் நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, சேலை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்குவது நல்லது. நோயுள்ள காம்பின் பாலைக் காய்ச்சினாலும் யாரும் குடிக்கக் கூடாது. இந்தக் கிருமி பாலில் விட்டுப்போகும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் சாகாது. அந்தப் பாலைத் தனிப் பாத்திரத்தில் கறந்து, கிருமிநாசினி கலந்து, தொழுவத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் குழியில் ஊற்றி மூட வேண்டும். ஊசி போட்ட மாடானால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை மற்றக் காம்புகளின் பாலையும் வீட்டுக்கோ சொசைட்டிக்கோ கொடுக்கக் கூடாது.